பிறப்புப் பத்திரத்தைத் தின்னும் வெள்ளிமீன் பூச்சி: பழைய தாள்களைக் காப்பது எப்படி?

தண்ணீர்மலை – நம்மவர் வீடுகள் பலவற்றில் குடும்ப வரலாறு ஒரு பிஸ்கட் டின்னுக்குள்தான் இருக்கிறது. தாத்தா ரஜுலா கப்பலில் வந்து இறங்கிய சீட்டு, பாட்டியின் சிவப்பு அடையாள அட்டை, அப்பாவின் பிறப்புப் பத்திரம், தோட்டத்தில் கொடுத்த சம்பளத் துண்டு, மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. ஏதோ ஒரு விண்ணப்பத்துக்காகப் பத்து வருடம் கழித்து டின்னைத் திறந்தால், சாம்பல் நிறத்தில் ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடி மடிப்புக்குள் மறைகிறது. தாளை விரித்துப் பார்த்தால் பிறந்த ஊரின் பெயர் இருந்த இடத்தில் ஓட்டை.

அதுதான் வெள்ளிமீன் பூச்சி. மலாய்க்காரர்கள் கெகாட் என்பார்கள். கடையில் உபாட் கெகாட் என்று கேட்டு வாங்கும் பாச்சை உருண்டைக்கு அந்தப் பெயர் வந்ததே இந்தப் பூச்சியால்தான்.

இது மனிதரைக் கடிக்காது. நோய் பரப்புவதாகவும் அறியப்படவில்லை. உதிர்க்கும் செதில் சிலருக்கு ஒவ்வாமை தரலாம், அவ்வளவுதான். கரப்பானுக்கும் எலிக்கும் பதறுகிற வீடுகள் இதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணமும் அதுவே. ஆனால் இது தின்னும் தாள் சாதாரணத் தாளாக இல்லாதபோது கணக்கு மாறுகிறது.

மலேசியாவில் 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் முடிய மலாயா மண்ணில் பிறந்தவர்களுக்கு, இங்கே பிறந்ததே பொதுவாகக் குடியுரிமைக்குப் போதுமானதாக இருந்தது. அதற்குப் பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரின் நிலையும் பார்க்கப்படுகிறது. ஆகவே, பேரப்பிள்ளையின் விண்ணப்பத்துக்குக்கூடத் தாத்தா, பாட்டியின் பத்திரத்திலுள்ள தேதியும் இடமும் தேவைப்படுகிற நிலை வரலாம். திருமணமும் அப்படித்தான். 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதார் பொதுவாகத் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது கட்டாயமானது அதற்குப் பிறகுதான். அதற்கு முன் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டிக்கொண்ட பலரிடம் பதிவுப் பத்திரம் என்று ஒன்றே இல்லை. அவர்களிடம் உள்ள சான்று ஓர் அழைப்பிதழும் இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களும்தான். வெள்ளிமீனுக்கு மிகவும் பிடித்த தீனியும் அவையே.

என்ன பூச்சி இது?

அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை நீளம். தலைப்பக்கம் அகன்று வால்பக்கம் கூம்பிய, தட்டையான உடல். மேலே மீன் செதில் போன்ற வெள்ளிப் பூச்சு. முன்னே இரண்டு நீண்ட உணர்கொம்புகள், பின்னே மூன்று இழைகள். சிறகு இல்லை. ஓடும்போது உடலை நெளித்து நெளித்து மீன் நீந்துவதுபோல் ஓடும். தொட்டால் விரலில் வெள்ளித்தூள் ஒட்டும்.

இங்கிலாந்தில் ராபர்ட் ஹுக் என்ற விஞ்ஞானி 1665-இல் வெளியிட்ட 'மைக்ரோகிராபியா' நூலிலேயே இதைப் பூதக்கண்ணாடியில் பார்த்து எழுதிப் படமும் போட்டிருக்கிறார். புத்தகத்தைத் தின்னும் வெள்ளி நிறப் புழு என்று அவர் இதைக் குறித்தார். ஆனால் இது புழு அன்று. கூட்டுப்புழுப் பருவமெல்லாம் இதற்குக் கிடையாது. முட்டையிலிருந்து வரும் குஞ்சே பெரிய பூச்சியின் சிறிய அச்சாக இருக்கும். தோலை உரித்து உரித்து வளரும். முழு வளர்ச்சி அடைந்த பின்னும் சாகும்வரை உரித்துக்கொண்டே இருக்கும்.

வீட்டுக்காரர் அறிந்துகொள்ள வேண்டிய முக்கியமான செய்தி, இதன் பொறுமை. சில ஆண்டுகள் உயிர் வாழும். மாதக்கணக்கில் உணவின்றி இருக்கும். கரப்பானைப்போல் இது மளமளவென்று பெருகாது. பெண் பூச்சி ஒரு தடவைக்குச் சில முட்டைகளையே இடுக்கில் இட்டு வைக்கும். அப்படியென்றால், ஓர் அலமாரியில் ஒரே நாளில் பத்துப் பூச்சி கண்ணில் பட்டால் அவை நேற்று வந்தவை அல்ல. பல மாதங்களாக யாரும் திறக்காத இடம் ஒன்று அந்த வீட்டில் இருக்கிறது என்று பொருள்.

தாளைத் தின்று செரிக்கும் ஆற்றல் இதற்கு உண்டு. ஆனாலும் வெறும் தாளைவிட மாவுப்பசை இதற்கு உயர்ந்த விருந்து. புத்தக முதுகில் தடவிய பசை, அட்டைப் பெட்டி ஒட்டிய பசை, பழைய புகைப்படத்தின் மேல்பூச்சான ஜெலட்டின், பளபளப்பான அழைப்பிதழின் மேல்பூச்சு, கஞ்சி போட்ட பருத்தி வேட்டி, பட்டு ஆகியவற்றை விடாது. கஞ்சி போட்டு மடித்து, அடுத்த திருமணம் வரை பெட்டியில் வைத்த வேட்டியில் மடிப்போரமாக ஓட்டை விழுவது இதனால்தான்.

தமிழில் 'இராமபாணம்' என்று ஒரு பூச்சிப் பெயர் உண்டு. ஓலைச்சுவடி தேடி அலைந்தவர்களின் எழுத்துகளில் அடிக்கடி வரும் பெயர் அது. வெள்ளிமீனையும் சிலர் அப்பெயரால் சொல்கிறார்கள். ஆனால் அம்பு பாய்ந்ததுபோல் ஏட்டின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் உருண்டையான துளைகள் பெரும்பாலும் ஒருவகை வண்டின் புழுக்கள் போடுபவை. வெள்ளிமீன் துளைப்பதில்லை, மேய்கிறது. தாளின் மேற்பரப்பைச் சுரண்டி, ஓரத்தைக் கடித்து, இடையிடையே கண்ணாடிபோல் மெலிந்த திட்டுகளை விட்டுப் போகும். ஓட்டையின் உருவம் ஒழுங்கில்லாமல் இருக்கும்.

பினாங்கு ஏன் இதற்குச் சொர்க்கம்?

வெள்ளிமீனுக்கு வேண்டியவை மூன்று: இருட்டு, இடுக்கு, ஈரம். காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் செழிக்கும். பினாங்கில் ஆண்டு முழுவதும் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. தண்ணீர்மலை என்ற பெயரே சொல்லிவிடுகிறது. அருவி இறங்கும் இந்தச் சரிவில் 1884-இல் தாவரவியல் பூங்கா அமைந்தது, 513 படி ஏறி முருகனைக் காணும் கோயிலும் காட்டை ஒட்டியே நிற்கிறது. அந்த ஈரம் செடிகளுக்கு நல்லது, செட்டிமார் காலத்துக் கணக்குப் புத்தகங்களுக்கு அல்ல.

மலையடி வீடுகளில் பின்சுவர் பாறைப் பக்கமாக இருந்தால் சுவரே வியர்க்கும். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் தரையிலிருந்து ஈரம் சுண்ணாம்புச் சுவர் வழியே மேலே ஏறும். அடுக்குமாடி வீடுகளில் கதை வேறு. மேல்மாடிக் குளியலறையின் கசிவு, வெளியே இடமில்லாமல் அறைக்குள்ளேயே உலர்த்தும் துணி, ஜன்னல் இல்லாத சாமான் அறை. தோட்டப்புறத்தில் மிச்சமிருக்கும் பலகை வீடுகளில் இடுக்குக்குப் பஞ்சமில்லை.

வீட்டுக்குள் இது எங்கே குடியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். குளியலறையில் தரைத் துவாரத்தின் பக்கம் ஒன்றைக் கண்டு, அங்கிருந்துதான் வருகிறது என்று பலர் நினைப்பார்கள். தண்ணீருக்காக வந்து, வழவழப்பான பீங்கானில் ஏற முடியாமல் மாட்டிக்கொண்டது அது. குடியிருப்பு வேறெங்கோ. நம்மவர் வீட்டில் முதலில் தேட வேண்டிய இடம் சாமி மேடைதான். கண்ணாடிச் சட்டம் போட்ட படத்தின் பின்னட்டைக்கும் சுவருக்கும் இடையில், குங்குமப் பொட்டலங்களுக்கு அடியில், முருகன் படம் போட்டதால் குப்பையில் எறிய மனம் வராமல் அடுக்கி வைத்த பழைய நாள்காட்டிகளில் தேடலாம். அடுத்தது, கடையில் கேட்டு வாங்கி வந்த மிலோ, மெகி அட்டைப் பெட்டிகள். வீடு மாறும்போது சாமானோடு முட்டையையும் கொண்டுவந்து சேர்ப்பவை அவையே. பிறகு மறைந்த பெரியவர்களின் மாலை போட்ட படம். பூமாலையின் ஈரம் சட்டத்துக்குள் இறங்கினால் கண்ணாடிக்குப் பின்னால் முகத்தையே மேய்ந்துவிடும்.

சுவரில் சாம்பல் நிறத்தில், பூசணி விதை போல் தட்டையாக ஒரு சிறு கூடு தொங்கும். உள்ளிருந்து புழு ஒன்று தலையை நீட்டும். அது வெள்ளிமீன் குஞ்சு அல்ல. அந்துப்பூச்சி இனத்தின் புழு. கூட்டிப் பெருக்கினாலே போய்விடும். தாள்மேல் ஊசிமுனை அளவில் வெளிர் நிறமாக ஊர்வது புத்தகப் பேன். அது இருந்தால் அங்கே பூஞ்சணம் இருக்கிறது என்று பொருள். மண்வரி தெரிந்தால் கரையான். அதற்கு வீட்டு வைத்தியம் உதவாது, பூச்சி ஒழிப்பு நிறுவனத்தைத்தான் கூப்பிட வேண்டும்.

விளக்கைப் போட்டதும் ஓடிவிடுவதால் வெள்ளிமீனைக் காண்பது அரிது. மிளகுத்தூள் போன்ற கறுப்பு எச்சம், தாளில் மஞ்சள் கறை, உதிர்ந்த செதில், உரிந்த மெல்லிய தோல் ஆகியவைதான் அடையாளம்.

ஸ்பிரே ஏன் போதாது?

பூச்சியைப் பார்த்ததும் கைபோவது ஸ்பிரே டின்னுக்குத்தான். அது முன்னால் ஓடும் ஒன்றைக் கொல்லும். இடுக்கிலிருக்கும் இருபது இன்னும் உள்ளே போகும். முட்டைக்கு ஒன்றும் ஆகாது. பத்திரத்தின்மேலும் படத்தின்மேலும் அடித்தால் மை கலங்கும், கறை விழும். பூச்சி செய்யாத சேதத்தை மருந்து செய்துவிடும்.

ஈரத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை. ஈரப்பதம் காட்டும் சிறிய கருவி இப்போது வன்பொருள் கடையிலும் இணையத்திலும் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. ஒன்றை வாங்கி அலமாரிக்குள் இரண்டு நாள் வைத்துப் பார்த்தால் நிலவரம் தெரியும். 60 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர முடிந்தால் பூச்சி திணறும், பூஞ்சணமும் அடங்கும். பினாங்கில் முழு வீட்டையும் அந்த அளவுக்கு உலர்த்துவது குளிர்சாதனம் இல்லாமல் நடக்காத காரியம். ஆகவே வீட்டை விட்டுவிட்டு ஒரு பெட்டியை மட்டும் உலர்வாக வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது. அதைப் பிறகு பார்ப்போம். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைப்பது, குழாய்க் கசிவை அடைப்பது, இரவில் தரை துடைப்பதைக் காலைக்கு மாற்றுவது, ஈரத்துணியைப் படுக்கையறையில் போடாமல் இருப்பது ஆகியவற்றுக்குச் செலவில்லை.

ஈரம் குறைந்தாலும் தாங்கும் வகை ஒன்று உண்டு: நீண்ட வாலுள்ள சாம்பல் வெள்ளிமீன். நார்வேயில் புதிதாகக் கட்டிய, நன்கு உலர்ந்த வீடுகளிலேயே அண்மை ஆண்டுகளில் இது பெருகித் தலைவலியாகிவிட்டது. அங்குள்ள பொதுச் சுகாதாரக் கழகத்தின் ஆய்வாளர்கள், வீடு முழுவதும் மருந்தடிப்பதைவிட மிகச் சிறு துளி விஷ இரையைப் பல இடங்களில் வைப்பது நல்ல பலன் தருவதைக் கண்டார்கள். இறந்த பூச்சியைத் தின்னும் மற்ற பூச்சிகளும் செத்தன.

இங்கே வீட்டில் செய்யக்கூடிய பொறி எளிது. ஒரு சிறிய கண்ணாடிப் புட்டியின் வெளிப்பக்கத்தில் மட்டும் தாள் டேப் சுற்ற வேண்டும். உள்ளே ஒரு சிட்டிகை மாவோ ரொட்டித் துண்டோ போட்டு, இரவில் அலமாரி ஓரம் வைக்க வேண்டும். டேப்பைப் பிடித்து ஏறி உள்ளே விழும் பூச்சி, வழவழப்பான கண்ணாடியில் ஏறி வெளியே வர முடியாது. காலையில் சோப்புத் தண்ணீரில் கொட்டிவிடலாம். இந்தப் பொறி குடியிருப்பு முழுவதையும் அழிக்காது. எந்த மூலையில் வைத்த புட்டியில் அதிகம் விழுகிறது என்பதைக் காட்டும். தேட வேண்டிய இடம் அதுதான்.

கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடரை மெல்லிய படலமாகச் சுவர் இடுக்கிலும் அலமாரிக்கு அடியிலும் தூவுவது பழைய முறை, பலனும் உண்டு. ஆனால் விழுங்கினால் அது மனிதருக்கும் நஞ்சு. தவழும் குழந்தையும் பூனையும் உள்ள வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் தூவவே கூடாது. சமையல் மேடைப் பக்கமும் வேண்டாம்.

பாச்சை உருண்டையும் தொட்டில் சேலையும்

பாச்சை உருண்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலானவற்றில் இருப்பது நாப்தலீன். இறுக மூடிய பெட்டியில் அதன் ஆவி நிறைந்தால்தான் பூச்சிக்கு எதிராக வேலை செய்யும். திறந்த அலமாரியில் ஒன்றிரண்டு போட்டு வைப்பதால் வீட்டுக்காரர் அதைச் சுவாசிப்பதுதான் மிச்சம்.

ஜி6பிடி என்ற நொதி குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகள் உண்டு. அதனால்தான் மலேசிய அரசு மருத்துவமனைகளில் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து அதைச் சோதிக்கிறார்கள். அந்தக் குறைபாடுள்ள குழந்தை நாப்தலீன் ஆவியைச் சுவாசித்தாலோ, அது ஏறிய துணி தோலில் பட்டாலோ, சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகலாம். மூளையைப் பாதிக்கும் அளவுக்கும் போகலாம். நம்மவர் வீட்டில் குழந்தை பிறந்ததும் முதலில் செய்வது என்ன? பீரோவில் பல வருடம் பாச்சை உருண்டையோடு கிடந்த பாட்டியின் பழைய பருத்திச் சேலையை எடுத்துத் தொட்டில் கட்டுவது. மருத்துவ அட்டையில் இந்தக் குறைபாடு குறிக்கப்பட்டிருந்தால் அந்தச் சேலை வேண்டவே வேண்டாம். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பீரோவிலிருந்து உருண்டைகளை முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது. சூடத்தையும் குழந்தைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

மாற்றாக வசம்பு, கிராம்பு என்று பலர் சொல்வார்கள். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கிராம்பு, மிளகு, பட்டை முதலியவற்றைப் பொடித்துத் துணியில் முடிந்து சுவடிகளுக்கு இடையே வைக்கும் வழக்கம் உண்டு. மணம் இருக்கும் வரை பூச்சி ஒதுங்கும், ஏற்கெனவே குடியேறியதைக் கொல்லாது. சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் அந்தப் பொடியையே தின்ன ஒருவகை வண்டு வந்துவிடும். தாளின்மேல் நேராகத் தூவினால் எண்ணெய்க் கறை.

ஒரு பெட்டி மட்டும்

அட்டைப் பெட்டி வேண்டாம். ரப்பர் விளிம்பும் நான்கு பக்கக் கொக்கியும் உள்ள, உணவுக்கான பிளாஸ்டிக் பெட்டி போதும். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், கூடவே அந்தச் சிறிய ஈரப்பதக் கருவி. அலமாரியில் மாட்டும் ஈர உறிஞ்சிப் பையைப் பத்திரப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. அதில் சேரும் உப்புநீர் சிந்தினால் பூச்சி தின்றதைவிட மோசமாகிவிடும். பெட்டியைத் தரையில் வைக்காமல் மேல்தட்டில் வைக்க வேண்டும். 2017 நவம்பரில் பினாங்கை மூழ்கடித்த வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

பத்திரத்தைச் சூடான லேமினேட் செய்வது நம்மிடையே பரவலான பழக்கம். ஆவணக் காப்பகங்கள் அதைத் தவிர்க்கின்றன. ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. உள்ளே ஈரத்தோடு ஒட்டியிருந்தால் தாள் உள்ளேயே கெடும். ஒவ்வொரு தாளையும் பாலிபுரொப்பிலீன் உறையில் தனித்தனியாகப் போட்டால் போதும். மலிவான பிவிசி உறைகளில் நாளடைவில் மை ஒட்டிக்கொள்ளும்.

பூச்சி ஏற்கெனவே ஏறிய புத்தகமானால், காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைக்கலாம். முட்டையும் சாகும். மீனுக்குப் பக்கத்தில் தேவாரமா என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். இரண்டு பை போட்டுக் கட்டினால் ஒன்றும் ஆகாது. வெளியே எடுத்தபின் ஒருநாள் முழுவதும் பையைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் தாளின்மேல் நீர்த்துளி படியும். பழைய புகைப்படங்களை இப்படிச் செய்ய வேண்டாம்.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். பெரும்பாலான வீடுகளில் அலமாரியைக் கவிழ்ப்பது தீபாவளிக்கு முன்தான். அக்டோபர், நவம்பர் பினாங்கில் அடைமழைக் காலம். அப்போது எடுத்துத் துடைத்துத் திரும்ப மூடினால் ஈரத்தையும் சேர்த்துப் பெட்டிக்குள் பூட்டுகிறோம். ஜனவரி, பிப்ரவரிதான் ஆண்டிலேயே வறண்ட மாதங்கள். போகிக்கும் தைப்பூசத்துக்கும் வீட்டைச் சுத்தம் செய்யும் வழக்கம் அதற்கு அப்படியே பொருந்துகிறது. தீபாவளிக்குத் துணியும் தரையும் பார்த்துக்கொண்டு, தாள்களைத் தைக்கு ஒத்திவைப்பது நல்லது. நேர் வெயிலில் காயப்போடக் கூடாது. நிழலில், காற்றோட்டமுள்ள பகலில் விரித்து, மெல்லிய தூரிகையால் தட்டி, மாலை ஈரம் ஏறுமுன் மூடிவிட வேண்டும்.

பத்திரம் சேதமாகிவிட்டால் செலோடேப் போட்டு ஒட்டக் கூடாது. அதன் பசை மஞ்சளாகி எழுத்தையும் கொண்டுபோகும். உதிர்ந்த துண்டுகளையும் ஓர் உறையில் போட்டு அப்படியே எடுத்துக்கொண்டு தேசியப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். பிறப்புப் பதிவு அவர்களிடம் இருந்தால் அதன் சான்று நகலுக்கு விண்ணப்பிக்கலாம். அப்போது அவர்கள் தேட உதவுவது பத்திரத்தின் எண், பதிவு செய்த இடம், தேதி, பெற்றோர் பெயர் எழுதப்பட்ட விதம். பெயர் எழுத்துக்கூட்டல் பழைய பத்திரங்களில் எப்படி வேண்டுமானாலும் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே, தாள் முழுமையாக இருக்கும்போதே முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் கைப்பேசியில் படமெடுத்து வேறு ஊரிலிருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பி வைக்கலாம். அந்த எண்களை ஒரு நோட்டில் தனியாகக் குறித்து வைக்கலாம். 1982-க்கு முந்திய கல்யாணப் பத்திரிகை, படங்கள் ஆகியவற்றையும் அந்தப் பெட்டியிலேயே சேர்த்து, படத்தில் இருப்பவர் யார் யார், எந்தத் தோட்டம், எந்தக் கோயில் என்று பாட்டியிடம் இப்போதே கேட்டு அதே நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.